கெங்கம்மாவின் இடது குதிகால்

கெங்கம்மா எங்கள் டிஸ்பென்சரிக்கு முதன்முதலாக வந்தது வைத்தியத்துக்கு அல்ல, சண்டைக்கு. நான் பாட்டில் கழுவிக் கொட்டிய தண்ணீர் அவள் போகிற வழியைச் சேறாக்கிவிட்டதாம். "இன்னா கம்போண்டரு, நீ மருந்துதான கலக்கணும், ரோட்டயும் சேத்து கலக்குறியா? ஒரே கலீஜா கீது!" என்று வாசலில் நின்று கத்தினாள். தலையில் இரண்டு மணங்கு மீன். கை கூடையைப் பிடிக்கவில்லை, இடுப்பில் இருந்தது. அவ்வளவு கத்தியும் கூடை ஒரு நூல் அசையவில்லை.

அது நாற்பத்தாறாம் வருஷம். அன்றிலிருந்து தினமும் காலை எட்டு மணிக்கு "மீனோய்!" என்ற குரல் எங்கள் வாசலைக் கடந்து போகும். சுவர்க்கடிகாரம் நின்றுபோனால் அந்தக் குரலை வைத்துத்தான் முள்ளைத் திருப்பி வைப்பேன்.

என் பெயர் பக்தவச்சலம். ராயபுரத்தில் டாக்டர் சுப்பராயனிடம் கம்பவுண்டர். அவர் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒரே மனிதன் என்பதைத் தவிர வேறு பெருமை எனக்கு இல்லை. சிடுமூஞ்சி என்று பேர் வாங்கியிருக்கிறேன். நாளுக்கு நூறு பேர் ஜன்னலில் காலி பாட்டிலை நீட்டி, "நேத்து செவப்பா குடுத்த, இன்னிக்கு இன்னாத்துக்கு வெள்ளையா கீது?" என்று கேட்டால் நீங்களும் வாங்குவீர்கள்.

காசிமேட்டுக் குப்பத்தில் மீன் விற்கிற பெண்கள் இரண்டு ரகம். தெருத்தெருவாக நடந்து கூவி விற்பவர்கள் ஒன்று. சந்தை ஓரம் சாக்கு விரித்து உட்கார்ந்து விற்பவர்கள் மற்றொன்று. நடக்கிறவள் உட்கார்ந்தவளை மனுஷியாகவே மதிக்க மாட்டாள். 'குந்தினவ' என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவாள். கெங்கம்மாவின் நாத்தனார் ஒருத்தி காய்ச்சல் என்று சொல்லிப் பத்து நாள் சந்தையில் உட்கார்ந்தாள். அதன் பிறகு அவள் கூடையைத் தலையில் ஏற்றவே இல்லை. உட்கார்ந்தவள் எழுந்திருக்க மாட்டாள் என்று கெங்கம்மா அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

நடக்கிறவளுக்கு ஒரு தெரு உண்டு. கெங்கம்மாவுடையது வண்ணாரப்பேட்டையில் வேப்பமர நிழலுள்ள அறுபது வீட்டுத் தெரு. கல்யாணத்தன்று மாமியார் கொடுத்தது. நகை போட்டாளோ இல்லையோ, தெருவைக் கொடுத்தாள். அதற்குப் பத்திரமும் இல்லை, பட்டாவும் இல்லை. குப்பத்தில் ஒரே ஒரு சட்டம்தான். சேர்ந்தாற்போல முப்பது நாள் ஒருத்தியின் குரல் அவள் தெருவில் கேட்கவில்லை என்றால், வேறு எந்தக் கூடைக்காரியும் உள்ளே நுழையலாம். அதோடு, வெறுங்கையோடு போய்க் கூவி ஏமாற்றக் கூடாது. கூவினால் கூடையில் மீன் இருக்க வேண்டும். பிள்ளை பெற்று இருபத்தெட்டாம் நாள் பச்சை உடம்போடு போய் நாலு மத்தி மீனைக் கூவிவிட்டு வந்தவள் கெங்கம்மா.

நாற்பத்தொன்பது கடைசியில் எட்டு மணிக் குரல் எட்டேகாலுக்கு வர ஆரம்பித்தது. நான் கடிகாரத்தைச் சந்தேகப்பட்டு, வண்ணாரப்பேட்டைக் கடிகாரக்காரனிடம் கொடுத்து எண்ணெய் போட்டேன். மறுவாரம் குரல் எட்டரைக்கு வந்தது. அப்போதுதான் எட்டிப் பார்த்தேன். கூடை வழக்கம்போல அசையாமல் வந்தது. கீழே இடது கால் மட்டும் நுனிவிரலில் நடந்து வந்தது, தூங்குகிற குழந்தையைத் தாண்டுகிறவள் மாதிரி.

"கால்ல என்ன?" என்றேன்.

"கால்ல செருப்பு இல்ல, அதான் தெரியுதே. உன் வேலையப் பாரு" என்று போய்விட்டாள்.

விஷயம் பின்னால் தெரிந்தது. காலையில் பாயிலிருந்து எழுந்து முதல் அடி வைக்கும்போது இடது குதிகாலில் ஆணி அடித்த மாதிரி குத்துகிறது. இரண்டாவது அடியும் குத்துகிறது. பத்து, இருபது அடி நடந்தால் குறைந்துவிடுகிறது. கரையில் சற்று உட்கார்ந்து எழுந்தால் மறுபடி அதே குத்து. சாயங்காலம் கூடையை இறக்கும்போது குதிகால் முழுக்க எரிகிறது.

இதிலிருந்து நீங்களும் நானும் என்ன முடிவுக்கு வருவோம்? கால் ஓய்வு கேட்கிறது என்போம். கெங்கம்மா பரம்பரையாக நடக்கிறவள். அவளுக்குத் தோன்றியது வேறு. நடந்தால் வலி போகிறது. உட்கார்ந்து எழுந்தால் வருகிறது. ஆகவே வலிக்குக் காரணம் உட்காருவது. ஆகவே உட்காரவே கூடாது.

உட்காருவதை விட்டுவிட்டாள். கரையில் மற்றவர்கள் மணலில் உட்கார்ந்து கட்டுமரத்துக்குக் காத்திருக்க, இவள் மேலும் கீழும் நடந்தாள். சோற்றுத் தட்டைக் கையில் ஏந்தி, வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி சாப்பிட்டாள். அவள் புருஷன் செல்வம், கட்டுமரத்தில் பன்னிரண்டு மணிநேரம் ஆடிவிட்டு வந்த மனிதன், "ஒரே எடத்துல நில்லேன் மே, எனக்கு இன்னும் கடல்ல கீற மாதிரியே கீது" என்று கெஞ்சினானாம்.

அவள் சித்தப்பா மகள் கல்யாணத்தில்தான் விவகாரம் முற்றியது. பந்தியில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். கெங்கம்மா மட்டும் இலையைக் கையில் தூக்கிக்கொண்டு நின்றாள். "குந்து கெங்கம்மா" என்றார்கள். "நான் நின்னுக்கினே துன்றேன்" என்றாள். சம்பந்தி வீட்டார் முகம் மாறியது. பெண் வீட்டில் ஏதோ குறை வைத்துவிட்டதால் இவள் பந்தியில் உட்கார மறுக்கிறாள் என்று பேச்சு கிளம்பி, மாப்பிள்ளையின் மாமா எழுந்து கைகழுவப் போய்விட்டார். கடைசியில் கல்யாணம் கெடக்கூடாது என்று கெங்கம்மா உட்கார்ந்து சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு எழுந்தபோது முதல் அடியில் "ஐயோ" என்று அலறி, கையிலிருந்த பாயசத்தைச் சம்பந்தியம்மாள் மேலேயே கொட்டினாள். நின்றுபோன பேச்சுவார்த்தை மறுபடி சரியாக ஒரு மாதம் ஆயிற்று.

அதற்குப் பிறகு பக்கத்து வீட்டு மங்கை சொன்ன கைவைத்தியம். செங்கல்லை அடுப்பில் சுட்டு, மேலே எருக்கிலையை அடுக்கி, அதன் மேல் குதிகாலை வைத்து மிதிக்க வேண்டும். நல்ல வைத்தியம்தான், இதமாகத்தான் இருக்கும். ஆனால் கெங்கம்மாவுக்கு எதிலும் பாதி கிடையாது. கொஞ்சம் சூட்டில் கொஞ்சம் வலி போகிறது என்றால் நிறையச் சூட்டில் முழு வலியும் போகவேண்டும் அல்லவா? செங்கல்லைச் சிவக்கச் சிவக்கச் சுட்டு ஏறி நின்றுவிட்டாள். இலை கருகி, குதிகாலில் நெல்லிக்காய் அளவுக்குக் கொப்புளம்.

அந்தக் கொப்புளம்தான் அவளை எங்கள் படியேற்றியது. ஐம்பதாம் வருஷம், பொங்கல் கழிந்த வாரம். உட்கார் என்றால் உட்காரவில்லை. பெஞ்சைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே, "சீக்கிரம் களிம்ப குடு, தெருவுக்குப் போவணும்" என்றாள்.

டாக்டர் சுப்பராயனைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். உலக யுத்தத்தின்போது பட்டாளத்தில் கேப்டனாக இருந்தவர். விறைப்பு இன்னும் போகவில்லை. சட்டையின் மடிப்புகூடக் கலையாது. அவருக்கு இரண்டு ஆசைகள். ஒன்று, அவருடைய சின்ன ஆஸ்டின் கார். சனிக்கிழமைதோறும் அவரே தேய்த்துக் கழுவுவார். இரண்டாவது, சொன்னதைச் சொன்னபடி செய்கிற நோயாளி ஒருவரையாவது கண்ணால் பார்ப்பது. பதினெட்டு வருஷத்தில் அது கிடைத்ததில்லை.

அவர் கெங்கம்மாவை அதட்டி உட்காரவைத்து, கட்டைவிரலால் குதிகாலின் உட்பக்கம் ஒரு இடத்தில் அமுக்கினார். அவள் கூரையைத் தொட்டுவிட்டு வந்தாள்.

"பட்டாளத்தில் ஆயிரம் கால் பார்த்திருக்கேன்" என்றார் டாக்டர் திருப்தியாக. "இதுக்குப் போலீஸ்காரன் குதிகால்னு பேர். நாள் முழுக்க நிக்கிறவன், நடக்கிறவனுக்கு வரும்."

கெங்கம்மா எழுந்து நின்றுவிட்டாள். "இன்னா சொன்ன? போலீஸ்காரன் சீக்கா? எனக்கா?"

அவள் கோபத்துக்குக் காரணம் உண்டு. தெருமுனையில் கூடையை இறக்கினால் லத்தியால் தட்டுகிற கான்ஸ்டபிள்களோடு இருபது வருஷமாக அவளுக்குப் போர். "அவனுங்க கூடைய தொட்டுத் தொட்டுத்தான் எனக்கு ஒட்டிக்கிச்சு. வேற சீக்கு எழுது" என்றாள்.

"வேற சீக்கு எழுத முடியாதும்மா."

"அப்போ பேர மாத்து."

பேரை மாற்றவில்லை, ஆனால் விளக்கினார். காலடியில் குதிகாலிலிருந்து விரல் வரைக்கும் ஒரு வார் போகிறது. கூடைச் சுமையோடு நாள் முழுக்கக் கெட்டித் தரையில் நடந்தால், குதிகாலில் அது பிடித்திருக்கிற இடம் நைந்துபோகும். தூங்கும்போது, உட்காரும்போது, அந்த வார் சுருங்கும். எழுந்து திடீரென்று முழு உடம்பையும் அதன் மேல் வைத்தால் வெடுக்கென்று இழுத்து, நைந்த இடம் கிழிகிற மாதிரி வலிக்கும். நடக்க நடக்க வார் இளகும், வலி அடங்கும். ஆனால் நைந்தது நைந்ததுதான். நடக்கிற ஒவ்வொரு மைலும் அதை இன்னும் நைக்கும்.

கெங்கம்மா காலைத் தூக்கி உள்ளங்காலைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "கட்டுமரத்துக் கயிறா அது?" என்று கேட்டாள். "காஞ்ச கயிற வெடுக்குனு இஸ்தா பிரி வுட்டுடும். தண்ணி தெளிச்சி, மெள்ள மெள்ள இஸ்துதான் எங்க ஊட்டுக்காரரு மரம் கட்டுவாரு."

"அதேதான்" என்றார் டாக்டர். அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது.

வைத்தியம் இதுதான். காலையில் பாயில் உட்கார்ந்தபடியே, தரையில் காலை வைக்குமுன், புடவைத் தலைப்பை விரல்களில் மாட்டிக் காலைத் தன் பக்கமாக மெதுவாக இழுத்து, இருபது எண்ணும் வரை பிடித்திருக்க வேண்டும். அதுபோல மூன்று தடவை. சுவரில் கைவைத்து, அந்தக் காலைப் பின்னால் நீட்டி, குதிகாலைத் தரையில் அழுத்திக் கெண்டைக்காலை இழுக்க வேண்டும். ஒரு சோடா பாட்டிலைத் தரையில் போட்டு உள்ளங்காலால் முன்னும் பின்னும் உருட்ட வேண்டும். கொப்புளம் ஆறினதும் எருக்கிலை ஒத்தடம் போடலாம், கை பொறுக்கிற சூட்டில். வெளியே நடந்தால் மெத்தென்ற செருப்பு.

"இப்ப எண்ணிக் காட்டு" என்றார்.

கெங்கம்மா தலைப்பை மாட்டி இழுத்து எண்ணினாள். "லாபம், ரெண்டு, மூணு, நாலு..."

"ஒன்று எங்கே போச்சு?" என்றார் டாக்டர்.

"மீன் எண்றவ வாயால ஒன்னுன்னு சொல்ல மாட்டா டாக்டரு. மொதலு எப்பவும் லாபந்தான்."

எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். செருப்புக்கு மட்டும் ஆட்டவில்லை. தலையில் கடலம்மா கொடுத்த மீன் இருக்கும்போது காலில் தோல் இருக்கக் கூடாது என்பது குப்பத்து வழக்கம். அதைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, டாக்டர் கடைசிக் குண்டைப் போட்டார்.

"ஆறு வாரம் கூடை தூக்கக் கூடாது. தெருவுக்குப் போகக் கூடாது."

அவள் முகம் செத்துப்போயிற்று. அத்தனை வருஷத்தில் அவள் குரல் தணிந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். "முப்பது நாள்ல தெரு பூடும் டாக்டரு. நான் குந்தினா அவ்ளோதான். எய்ந்திருக்க மாட்டேன்."

"குந்தலேன்னா ஒரு வருஷத்தில் நிக்கவே முடியாது" என்றார் அவர்.

நாடு குடியரசான அதே வாரத்தில் கெங்கம்மா உட்கார்ந்தாள். குப்பத்தில் எது பெரிய சேதியாகப் பேசப்பட்டது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வாசலில் கருவாட்டைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம். போகிறவள் வருகிறவள் எல்லாம், "இன்னா கெங்கம்மா, குந்திட்டியாமே?" என்று துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள். அவள் எல்லோரையும் திட்டினாள். ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்து திட்டினாள். அதுதான் டாக்டர் மனதைக் குளிரவைத்தது. வாரம் ஒரு தடவை படியேறி வருவாள். அவர் கட்டைவிரலால் அமுக்குவார். இரண்டாம் வாரம் பல்லைக் கடித்தாள். மூன்றாம் வாரம் முகத்தை மட்டும் சுளித்தாள். நாலாம் வாரம், "காலைல மொத அடி இப்ப முள்ளு மாதிரிதான் கீது, ஆணி மாதிரி இல்ல" என்றாள். பதினெட்டு வருஷ வைத்திய வாழ்வில் தன் பேச்சைக் கேட்ட முதல் நோயாளியை டாக்டர் கண்ணாரப் பார்த்தார். யார் வந்தாலும் அவள் குதிகாலைப் பற்றியே பேசினார். வயிற்றுவலிக்காரனுக்கெல்லாம் அது எதற்கு?

ஞாயிறுதோறும் டாக்டரும் நானும் வண்ணாரப்பேட்டையில் ரஹீமுன்னிசா வீட்டுக்குப் போவோம். படுத்த படுக்கையாக இருக்கிற அவள் மாமியாருக்கு ரத்த அழுத்தம் பார்க்க. வீடு கெங்கம்மாவின் தெருவில்தான்; அவளிடம் தவிர வேறு யாரிடமும் மீன் வாங்காத வீடு. கெங்கம்மா உட்கார்ந்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை ரஹீமுன்னிசா என்னை வாசலில் நிறுத்தினாள்.

"க்யா கம்பவுண்டர் சாப், நம்ம மீன்காரம்மா எங்கே? தெருமுனையிலே அந்த சிவந்தி ரோஜ், தினமும் வந்து உக்காந்துகிட்டு இருக்கா. உள்ளே வரதில்லே. நாள் எண்ணிட்டு இருக்கா."

சிவந்தி பக்கத்துக் குப்பத்துக் கூடைக்காரி, கெங்கம்மா வயதுதான். இரண்டு பேருக்கும் இருபது வருஷமாக ஆகாது. சிவந்தியின் தெரு மூலக்கொத்தளம் தாண்டி, இரண்டு மடங்கு தூரம். நிழலும் கிடையாது. கெங்கம்மாவின் தெரு மேல் அவளுக்குக் கண் என்பது ஊரறிந்த விஷயம்.

நான் இதைக் கெங்கம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். அடுத்த ஞாயிறு காலை நாங்கள் கிளம்பும்போது, டிஸ்பென்சரி வாசலில் அவள் தலையில் கூடையோடு நின்றாள்.

"செவ்வாக்கெயம முப்பது நாளு" என்றாள். "இன்னிக்கு ஒரு தபா கூவிட்டு வந்துடறேன். சொல்லாம போவக் கூடாதுன்னு வந்தேன்."

"நடந்தா?" என்றார் டாக்டர். "நாலு வார வைத்தியமும் பாழ்."

"பாழாப் போவட்டும். தெரு போனா கால வெச்சிக்கினு நான் இன்னா பண்ணுவேன்?" சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. அவள் அழுது நான் பார்த்ததில்லை.

டாக்டர் அவள் குதிகாலைப் பார்த்தார். தன் காரைப் பார்த்தார். முந்தின நாள்தான் தேய்த்துக் கழுவியிருந்தார்; முகம் பார்க்கலாம். குதிகாலை மறுபடி பார்த்தார். ஒரு மனிதன் தன் இரண்டு ஆசைகளில் ஒன்றின் கழுத்தைத் தன் கையாலேயே நெரிப்பதை நான் அன்றைக்கு நேரில் கண்டேன்.

"சட்டத்தில் குரல்தானே கேட்கணும்? கால் தெரியணும்னு இல்லையே?" என்றார்.

"இல்ல."

"ஏறு."

முன் இருக்கையில் கெங்கம்மா. பின் இருக்கையில் மருந்துப் பெட்டி, நான், என் மடியில் மீன் கூடை. ராயபுரம் பாலம் தாண்டுவதற்குள் வஞ்சிரத்தின் தண்ணீர் என் ஒரே நல்ல வேட்டியை நனைத்துவிட்டது. டாக்டர் எதையும் திரும்பிப் பார்க்காமல், குண்டு விழுகிற பாலத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர் மாதிரி ஓட்டினார்.

தெருமுனை திரும்பியதும் கெங்கம்மா ஜன்னல் வழியாக இடுப்பு வரை வெளியே நீட்டிக்கொண்டாள். நாலு வாரமாக அடைத்து வைத்திருந்த குரல்.

"மீனோய்! வஞ்சிரம், வவ்வா, சங்கரா... மீனோய்!"

அறுபது வீட்டுக் கதவும் திறந்தது. தட்டும் கையுமாக ஓடி வந்த பெண்கள் தெருவில் மீன்காரியைத் தேடினார்கள். அங்கே இருந்தது டாக்டருடைய கார். ஒருத்தி, "யாரு சாவக் கெடக்குறாங்க?" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். பிறகு ஜன்னலில் கெங்கம்மாவின் தலையைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பு தெருக்கோடி வரை கேட்டது. "ஐய, கெங்கம்மா பிளஷர் கார்ல மீன் விக்கிறா!" கூட்டம் காரை மொய்த்தது. நான் பின் ஜன்னல் வழியாக மீன் எடுத்துக் கொடுத்தேன். நல்ல மீனாகப் பொறுக்கிக் கொடு என்று என்னை அதட்டினார்கள். ஒரு கிழவர் ஓட்டுநர் பக்கம் போய், "சார், நெத்திலி இருக்குங்களா?" என்று டாக்டரைக் கேட்டார். டாக்டர் நேராகப் பார்த்தபடி, "பின்னாடி கேளுங்க" என்றார். ரஹீமுன்னிசா வாசலில் நின்று, "மைனே சுனா! நான் கேட்டேன்! எல்லாரும் சாட்சி!" என்று கை தட்டினாள்.

தெரு பிழைத்துவிட்டது. கூடையும் காலி. கார் தெருமுனைக்குத் திரும்பி வந்தது.

அங்கே மதகுக் கட்டையில் சிவந்தி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் கூடை. எல்லாவற்றையும் பார்த்திருப்பாள் போலும். கெங்கம்மா தலையை வெளியே நீட்டி வாயைத் திறந்தாள். இருபது வருஷத்துக்கும் சேர்த்து ஒரே வசவாக வரப்போகிறது என்று நான் காதைப் பொத்திக்கொள்ளத் தயாரானேன்.

சிவந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு கூடையைத் தூக்கி எழுந்தாள். முதல் அடி வைத்தாள். வைத்தவள் சட்டென்று நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டாள். வலது காலை நுனிவிரலில் ஊன்றி, தூங்குகிற குழந்தையைத் தாண்டுகிற மாதிரி அடுத்த அடி எடுத்தாள்.

கெங்கம்மா திறந்த வாயை மூடவில்லை. ஆனால் அதிலிருந்து வசவு வரவில்லை.

"டாக்டரு, நிறுத்து."

கார் நின்றது.

"ஏ சிவந்தி! காலைல மொத அடி வெக்கச் சொல்ல குத்துதா?"

சிவந்தி திரும்பினாள். "உனுக்கின்னா?"

"நடந்தா வுட்டுடுது. குந்தி எய்ந்தா மறுக்கா குத்துது. அப்படித்தான?"

சிவந்தி கூடையைக் கீழே இறக்கினாள். "ஒரு வருசமா" என்றாள் கடைசியில். "மூலக்கொத்தளம் தாண்டச் சொல்ல உசுரு பூடுது. அதான் கிட்ட கீற தெருவாச்சேன்னு..." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தெரு மேல் கண் என்று ஊரே பேசினது இதுதான். நானும் பேசினவன். அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருந்தது.

கெங்கம்மா கதவைத் திறந்தாள். "ஏறு."

"இன்னொரு கூடையா?" என்றார் டாக்டர். அதற்குள் அது என் மடிக்கு வந்துவிட்டது.

மறுநாள் காலை எங்கள் பெஞ்சில் இரண்டு பேரும் அக்கம்பக்கமாக உட்கார்ந்து, தலைப்பை விரலில் மாட்டி, "லாபம், ரெண்டு, மூணு" என்று எண்ணினார்கள்; சிவந்திக்கும் அதே ஆறு வார உத்தரவு. சோடா பாட்டில் ஒன்றுதான் இருந்தது. அதற்காக இருபது வருஷப் பகை மறுபடி மூண்டு, நோயாளிகள் வெளியே ஓடும்படி சண்டை போட்டார்கள். மூன்றாம் நாள் நான் என் செலவில் இன்னொரு பாட்டில் வாங்கி வைத்தேன். காரைப் பற்றிக் கேட்காதீர்கள். சித்திரை வரைக்கும் பூனைகள் அதைச் சுற்றி வந்தன.

ஆறு வாரம் முடிந்து கெங்கம்மா கூடையைத் தூக்கினாள். செருப்பு விவகாரம் இப்படித் தீர்ந்தது: கடலம்மா மணலில் இருக்கிறவள், தார் ரோட்டுக்கு வர மாட்டாள். ஆகவே மணல் முடிகிற எங்கள் வாசல் வரை வெறுங்கால். அங்கிருந்து டயர்ச் செருப்பு, குதிகாலுக்கு அடியில் மெத்தென்று கம்பளித் துண்டு வைத்துத் தைத்தது. போகும்போது மாட்டி, வரும்போது கழற்றி என் மேஜைக்கு அடியில் விடுவாள். மெட்ரிகுலேஷன் வரை படித்தவன் செருப்புக்குக் காவல் இருந்தேன்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து டாக்டர் ஒரு மருந்தைக் கொடுத்து என்னை மூலக்கொத்தளத்துக்கு அப்பால் ஒரு வீட்டுக்கு அனுப்பினார். உச்சி வெயில், நிழலில்லாத தெரு. மருந்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது பழக்கமான குரல் கேட்டது.

"சிவந்தி மீனோய்! சிவந்தி வூட்டு வவ்வா, சங்கரா... சிவந்தி மீனோய்!"

கெங்கம்மா. தன் தெருவை முடித்துவிட்டு, இரண்டாவது கூடையோடு, டயர்ச் செருப்பில் நடந்து வந்துகொண்டிருந்தாள். அன்றைக்கு சிவந்தி உட்கார்ந்து இருபத்தொன்பதாம் நாள், மறுநாள் அவள் தெரு போய்விடும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது; இரவல் குரல் சட்டத்துக்குச் செல்லுமா என்று கெங்கம்மாவைக் கேட்கிற துணிச்சல் யாருக்கும் இருந்திருக்காது.

ஒரு வீட்டுக்காரி வெளியே வந்து, "நீ யாரும்மா? எங்க சிவந்தி எங்கே?" என்று கேட்டாள்.

"அவ குந்திக்கினு கீறா" என்றாள் கெங்கம்மா. "எய்ந்து வருவா."

சொல்லிவிட்டுக் கூடையை இறக்கி, மீனை எண்ணிப் போட ஆரம்பித்தாள்.